இசக்கியை வெளியே எடுத்த நாள்

இசக்கியின் வலது பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. முந்தின நாள் மழையில் மைதானம் ஊறிக் கிடந்தது. மிதித்த இடமெல்லாம் தண்ணீர் கொப்பளித்தது. இடது ஓரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியவள் சட்டென்று நொண்டினாள். நின்றாள். என்னைப் பார்த்துக் காலைத் தூக்கிக் காட்டினாள். பூட்ஸின் அடிப்பாகம் விரல் பக்கத்திலிருந்து குதிகால் வரை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஸ்ஸே, இவன் போயி!" என்று கத்தினாள். சிரித்துக்கொண்டேதான் கத்தினாள்.

எதிர் அணிப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அது அரையிறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் இன்னும் கோல் விழவில்லை. சுவர் ஓரமாக, கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இசக்கியின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர். பஸ் தாமதம். அவர் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அடுத்த ஒரு நிமிடத்தில் நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்துதானே?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நான் கால்பந்து ஆடியவள் இல்லை. கிரிக்கெட்காரி. இடது கையால் சுழற்பந்து வீசுவேன்.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டது, கடையில் பாத்திரம் சுற்றிக் கொடுக்க வாங்கிப் போட்டிருந்த பழைய வாரப் பத்திரிகைகளில். நல்ல கதையாகப் பார்த்து உட்காருவேன். கடைசிப் பக்கம் யாரோ வாங்கிப்போன குடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். அதனாலோ என்னவோ, நான் எழுதினாலும் முடிவுக்கு வந்து சேர நேரமாகிறது என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் சலித்துக்கொள்கிறார்.

போன வாரம் மும்பையோடு நிறுத்தியிருந்தேன். அங்கே ஒரு கம்பெனியின் பெண்கள் அணிக்குப் பந்து வீசினேன். அதுதான் வேலை. பந்து வீசினால் சம்பளம். ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிப்பார்கள். ஒரு வருடம் தோள்பட்டை போயிற்று. அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். ரயில் கொங்கணத்தைத் தாண்டுவதற்குள் அதுவும் வாடிவிட்டது. ஜன்னல் வழியாக எறிய மனம் வராமல் எறணாகுளம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு உடற்கல்விப் படிப்பு. அது முடிந்ததும் வீட்டுக்கு அருகிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. இங்கேயும் ஒப்பந்தம்தான். முதல் நாளே முதல்வர் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கிரிக்கெட்டுக்கு இங்கே இடமில்லை. பிள்ளைகள் கால்பந்துதான் ஆடுகிறார்கள். நீங்கள்தான் கோச்."

"எனக்குக் கால்பந்து தெரியாதே சிஸ்டர்."

"பந்துதானே கோமதி?" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கையால எறிஞ்சு கிழிச்சது போதாதுன்னு இனி காலால ஒதைச்சுக் கிழிக்கப் போறியாக்கும்?" என்றாள்.

விதிப் புத்தகம் வாங்கினேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல் இரண்டு தடவை படித்தேன், பென்சிலால் கோடு போட்டு. ஆனால் ஆறு வருடம் ஒரு ஆட்டத்தைத் தின்று வாழ்ந்தவளுக்கு அது உடம்பை விட்டு அவ்வளவு லேசில் போகுமா? பயிற்சியில் இசக்கி நிற்கிற இடத்தைக் கிரிக்கெட் பெயர் சொல்லிப் 'பாயின்ட்' என்பேன். தடுப்பாட்டக்காரிகளை ஃபீல்டர்களை நிறுத்துவதுபோல் இரண்டடி அங்கே, மூன்றடி இங்கே என்று கையைக் காட்டி நகர்த்துவேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இருந்தாலும் அப்படி நகர்த்தியதில் எங்களுக்கு எதிராகக் கோல் விழுவது குறைந்தது. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாயாடி

இசக்கியின் வீடு பள்ளுருத்தியில். அப்பா பேச்சிமுத்து, திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் சுமைதூக்குகிறவர். அம்மா ஒரு ஹோட்டல் சமையலறையில். இவள் அப்போது பி.காம். கடைசி வருடம்.

ஆடும்போது வாய் மூடவே மூடாது. பந்தோடு பேசுவாள். தடுக்க வருகிறவளோடு பேசுவாள். "வா சேச்சி, வா வா, இந்தப் பக்கம் வா" என்று கூப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். நடுவர் இரண்டு தடவை எச்சரித்திருக்கிறார். நல்ல வேகம். ஆனால் வேகத்தைவிட, எதிராளி எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறாள் என்று பார்க்கிற கண் அவளுக்கு இருந்தது. அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடமே போனில் கேட்டேன். வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். "எழுதுங்க மிஸ், சாரமில்ல, பரவாயில்ல. ஆனா என்னை ரொம்ப நல்ல பிள்ளையா ஆக்கிராதீங்க" என்றாள்.

குடைக்காரர் ஒரு அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் தேடுகிறவர். ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்ப்பார். பிடித்திருந்தால் தேர்வுக்கு அழைப்பு வரும். தேர்வில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. நிரந்தர வேலை. வருடா வருடம் யாரும் புதுப்பிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரை விடாமல் போன் செய்து நச்சரித்து வரவழைத்தவள் நான்தான்.

அன்றைக்கு பேச்சிமுத்துவும் வந்திருந்தார். மகள் ஆடுவதை முதன்முதலாகப் பார்க்க வந்திருக்கிறார். துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. உட்காரச் சொன்னாலும் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு கொடிக்கம்பத்தின் பக்கத்திலேயே நின்றார்.

பன்னிரண்டாவது ஆள்

இனிமேல் சுற்ற இடமில்லை. சொல்லிவிடுகிறேன்.

கிரிக்கெட்டில் ஃபீல்டரின் ஷூ பிய்ந்தால் அவர் வெளியே போவார். பன்னிரண்டாவது ஆள் ஓடி வந்து அந்த இடத்தில் நிற்பார். ஷூ மாற்றிக்கொண்டு முதல் ஆள் திரும்பி வந்ததும் பன்னிரண்டாவது ஆள் போய்விடுவார். மைதானத்தில் ஒரு இடம் காலியாக இருக்கக் கூடாது. எங்கள் பழைய கேப்டன் இதற்காகவே தொண்டை வறளக் கத்துவாள். ஓட்டை தெரிந்தால் பந்து அங்கேதான் போகும் என்பாள்.

இசக்கி காலைத் தூக்கிக் காட்டியதும் என் கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஓட்டை மட்டும்தான்.

"அனீஷா, எழுந்திரு, போ!" என்றேன். ஆளை மாற்ற வேண்டுமென்றால் யார் வெளியே, யார் உள்ளே என்று ஒரு சீட்டு எழுதி நடுக்கோட்டுக்கு நேராக இருக்கும் மேசையில் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். இசக்கி வெளியே வந்தாள். அனீஷா உள்ளே போனாள். எல்லாம் மளமளவென்று நடந்தது. என் சுறுசுறுப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து இசக்கியின் பூட்ஸைச் சுற்றிச் சுற்றிக் கட்டினோம். அதிகம் போனால் நான்கு நிமிடம். அவள் குதித்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. "கேறட்டா மிஸ்?" என்று உள்ளே போகத் தயாரானாள். அனீஷா வெளியே, இசக்கி உள்ளே என்று அடுத்த சீட்டை எழுதிக்கொண்டு மேசைக்குப் போனேன்.

மேசையில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"டீச்சரே, இந்தக் குட்டியை நீங்க மாத்திக் கழிஞ்சதல்லே? இனி கேறான் பற்றில்ல."

திரும்பி உள்ளே ஏற முடியாது. அவர் சொல்லி முடிப்பதற்குள் புத்தகத்தில் அந்தப் பக்கமே என் கண் முன்னால் வந்துவிட்டது. நான் பென்சிலால் கோடு போட்டிருந்த வரி. மாற்றி எடுத்த ஆள் அந்த ஆட்டத்தில் மறுபடியும் ஆட முடியாது.

ஆளை மாற்றாமலே இருந்திருக்கலாம். அவள் கோட்டுக்கு வெளியே வந்து, டேப் சுற்றிக்கொண்டு, நடுவர் பார்த்து அனுமதித்ததும் உள்ளே போயிருப்பாள். அந்த நான்கு நிமிடம் நாங்கள் பத்து பேர் ஆடியிருப்போம். அவ்வளவுதான். கால்பந்து ஆடி வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். இரண்டு வருடமாகக் கோச்சாக இருந்தேன். எத்தனையோ பேரை மாற்றியிருக்கிறேன், ஆனால் எல்லாம் ஆட்டம் முடிகிற நேரத்தில். திரும்பி அனுப்ப வேண்டிய தேவையே வந்ததில்லை. பயிற்சிக்குப் போகிற வாடகை டர்ஃப் மைதானத்திலோ பிள்ளைகள் இஷ்டத்துக்கு வெளியே வருவார்கள், கையைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். புத்தகத்தில் படித்தது தலையில்தான் இருந்தது. கைக்கு வந்து சேரவில்லை.

மேசையிலிருந்து பெஞ்சுக்குப் பதினைந்து எட்டுத் தூரம் இருக்கும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். இசக்கி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். டேப் சுற்றிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அனீஷா, இடத்தே, இடத்தே!" என்று கத்தத் தொடங்கினாள். தன் இடத்தில் ஆடுகிறவளை இடது பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் குடைக்காரர் எழுந்து எங்கள் பக்கம் வந்தார். இசக்கிக்கு முன்னால் நின்றார். "எந்து பற்றி?" என்ன ஆயிற்று என்று கேட்டார்.

நான் இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவள் பேசிவிட்டாள்.

"மசில் பிடிச்சு சார், தொடையில. நான்தான் மிஸ்கிட்ட மாத்தச் சொன்னேன்."

இருபது நிமிடத்திலேயேவா என்பதுபோல் அவர் புருவத்தைத் தூக்கினார். தலையை ஆட்டினார். நோட்டை மூடி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலுக்குப் போக அவருக்கு ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடமும் நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

ஆளை மாற்றியது என் கைத்தவறு. அதை மன்னித்துவிடலாம். இந்த ஒரு நிமிடம் கைத்தவறு இல்லை. தெரிந்தே செய்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கால்பந்தின் அடிப்படை விதி தெரியாத கோச் என்று நாலு பேர் முன்னால் ஆகிவிடுமே என்று வெட்கமாக இருந்தது. ஏப்ரலில் என் ஒப்பந்தம் முடிகிறது என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. மும்பைப் பூங்கொத்தும் வந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றோம்.

தைலம்

இசக்கி இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நான் பள்ளுருத்திக்குப் போனேன்.

கதவைத் தட்டுவதற்கு முன்பே தைல வாடை மூக்கில் ஏறியது. உள்ளே இசக்கி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தரையில் பேச்சிமுத்து. முன்னால் ஒரு கிண்ணத்தில் சூடு செய்த தைலம். துறைமுகத்தில் அதிகாலை வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி வெளுத்துப்போன உள்ளங்கையால் மகளுடைய தொடையை மேலிருந்து முட்டி வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. ரெண்டு நாளா தேய்க்கேன். வீக்கம் ஒண்ணும் தெரியல. உள்ளுக்குள்ள பிடிச்சிருக்கும் போல."

இசக்கி அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து முறைத்தாள். சொல்லக் கூடாது என்று கண்ணாலேயே சொன்னாள்.

நான் உட்கார்ந்தேன். சொல்லத்தான் போனேன். ஆனால் அங்கே போனதும் பேச்சை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. காலேஜில் எல்லோரும் விசாரித்தார்கள் என்றேன். என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எம்மேலதான் டீச்சர் தப்பு" என்றார் பேச்சிமுத்து. தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வளருற வயசுல சத்தா ஒண்ணும் குடுக்கல. அவ அம்மைக்கும் வேலை, எனக்கும் வேலை. கெடச்சத தின்னு வளந்த புள்ள. அவ்வளவு தூரத்துல இருந்து ஒரு மனுசன் வாராரு, அன்னைக்குன்னு பாத்து காலு பிடிச்சா, அது பெத்தவன் குத்தம்தான?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணாச்சி, அவ காலுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"மிஸ்ஸே!" என்றாள் இசக்கி.

"கால் பிடிக்கவே இல்ல. பூட்ஸ் பிஞ்சது. நாலு நிமிஷத்துல சரியாயிடுச்சு. மாத்தி எடுத்தா திரும்ப ஆட முடியாதுங்கிறத நான் மறந்துட்டேன். கோச்சு நான், எனக்குத் தெரியாமப் போச்சு. அந்த சார் கேட்டப்போ என்னைக் காப்பாத்துறதுக்காக இவ பொய் சொன்னா. நான் பக்கத்துல நின்னுகிட்டு பேசாம இருந்தேன்."

அவர் கை தொடையின் மேல் அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்போ காலு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்குப்பா" என்றாள் இசக்கி, தலையைக் குனிந்துகொண்டு.

அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தார். விரல் விரலாக, நிதானமாக. "ஏட்டி, எந்திரி. டீச்சருக்கு சாயா போடு. ரெண்டு நாளா ராணி கணக்கா காலை நீட்டிட்டு இருந்தியே" என்றார். அவள் எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஏன்ட்ட வந்து சொல்லிட்டீய. நல்லது. ஏன்ட்ட சொல்லி என்ன ஆகப்போவுது டீச்சர்? நானா வேலை குடுக்கேன்? அந்த சார்ட்ட யாரு சொல்லுவா?"

இசக்கி கொண்டுவந்த சாயாவில் சர்க்கரை இல்லை. கோபத்தில் போடவில்லையா, மறந்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

எழுத்தில்

அன்றைக்கே குடைக்காரருக்கு போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "டீச்சர், தன் பிள்ளைக்காக எல்லாக் கோச்சும் ஏதாவது ஒன்று சொல்வார்கள். காய்ச்சல் என்பார்கள், பரீட்சை என்பார்கள். போனில் சொல்வதை நான் எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? நிஜம் என்றால் எழுத்தில் கொடுங்கள். கல்லூரி வழியாக வரட்டும்" என்றார்.

மலையாளத்தில் எழுதினேன். இன்றைக்கும் எனக்கு மலையாளம்தான் பிழையில்லாமல் வரும். ஒரு பக்கத்துக்குக் குறைவான கடிதம். அதற்கு மூன்று தாள் கிழித்தேன். முதல் தாளில் 'குழப்பத்தால்' என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் 'தவறான புரிதலால்'. நான்காவதில்தான் 'என் தவறால்' என்று வந்தது. இசக்கி சொன்னது பொய் என்றும், அதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன் என்றும் எழுதினேன்.

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"இதில் ஒரு நகல் இங்கே கோப்பில் இருக்கும். தெரியும்தானே?"

"தெரியும் சிஸ்டர்."

"விதி தெரியாத கோச் என்று நீங்களே எழுதி என்னிடம் கொடுக்கிறீர்கள். ஏப்ரலில் கமிட்டி உங்கள் கோப்பைத் திறக்கும். வார்த்தையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமே. கோச்சின் கவனக்குறைவு என்று சொன்னால் போதாதா?"

யோசித்தேன். உடனே முடியாது என்று வீரமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை, யோசித்தேன். கவனக்குறைவு என்றால் கொஞ்சம் கௌரவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் ஊர் ஊராக இப்படிப்பட்ட வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். நம்ப மாட்டார்.

"இப்படியே போகட்டும் சிஸ்டர்."

அவர் முத்திரை போட்டு உறையில் வைத்தார். "பந்துதானே என்று சொன்னது நான்தான். அதையும் எழுதியிருக்கலாம் நீங்கள்" என்றார். சிரிக்கவில்லை. வேடிக்கைக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கமிட்டியில் ஒருவர் கடிதத்தை உரக்க வாசித்தாராம். புதுப்பித்தார்கள். ஆனால் அடுத்த முறையிலிருந்து கால்பந்து ஆடிய ஒருவரை என் கூடச் சேர்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார்கள். நியாயமான குறிப்பு. இப்போது அந்தப் பெண்தான் சீட்டு எழுதுகிறாள்.

கடிதம் போன பத்துப் பதினைந்து நாளில் இசக்கிக்குத் தேர்வு அழைப்பு வந்தது.

வாசலுக்கு வெளியே

திருவனந்தபுரத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அனீஷா தன் புது பூட்ஸைக் கொடுத்திருந்தாள். கொஞ்சம் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாக இருந்தது.

கோச்சுகள் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சுவர் உயரம். வெளியே ஒரு வாகை மரம், அதன் நிழலில் என்னைப்போல் ஏழெட்டுப் பேர். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. இசக்கியின் குரல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. "வா சேச்சி, வா வா." அதற்குப் பிறகு யாரோ கைதட்டுவார்கள். சில நேரம் கைதட்டல் வராது. அப்போதெல்லாம் நான் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். முழு ஆட்டமும் அவள் குரல் கேட்டது. கடைசி விசில் வரைக்கும் யாரும் அவளை வெளியே எடுக்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பட்டியலை ஒட்டியிருந்தார்கள். அவள் மேலிருந்து கீழே வாசித்தாள். பிறகு கீழிருந்து மேலே. அவள் பெயர் இல்லை.

குடைக்காரர் வெளியே வந்தார். இந்த முறை கையில் குடை இல்லை. என்னிடம் வந்து, "நல்ல பிள்ளை. நன்றாக ஆடினாள். அவள் இடத்தில் ஆட இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் பூட்ஸைக் கழற்றிக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு செருப்போடு நடந்தாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பேசிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு அவர் உன் முழு ஆட்டத்தையும் பார்த்திருந்தால் இன்றைக்கு உன்னைப் பார்க்கிற பார்வையே வேறாக இருந்திருக்கும், பொய் சொன்னவள் என்று அவர் மனசில் ஏதோ இருந்திருக்கும், அந்தக் கடிதமே கெடுத்துவிட்டதோ என்னவோ, எல்லாம் என்னால், நான் மட்டும் அந்தச் சீட்டை எழுதாமல் இருந்திருந்தால்...

இசக்கி நின்றாள்.

"மிஸ்ஸே, ஒண்ணு நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"அன்னைக்கு என்னை வெளிய உக்கார வெச்சது நீங்க. அது உங்களோடது. எழுதிக் குடுத்துட்டீங்க, கழிஞ்சது. இன்னைக்கு ஆடினது நானாக்கும். முழுசா ஆடினேன். அந்த ரெண்டு பிள்ளைங்களும் என்னைவிட நல்லா ஆடினாங்க. நான் கூடவே ஓடினேன்ல, எனக்குத் தெரியும். உங்களால இல்ல, கடிதத்தால இல்ல. நான் தோத்துட்டேன். இது என்னோடது மிஸ். இதுலயும் பங்கு கேக்காதீங்க."

எறணாகுளம் பஸ் வந்தது. ஜன்னல் ஓர இடத்தை அவளே எடுத்துக்கொண்டு, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். கொல்லம் தாண்டும்வரை அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோளைத் தொடக் கை இரண்டு தடவை எழுந்தது. இரண்டு தடவையும் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.